ஆன்டிஆக்ஸிடன்ட் கேக்

மார்ச் 4, செவ்வாய்

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை நோய் வாசலில் வந்து நிற்கிறதாம். டாக்டரம்மா சொன்னார்: "இன்னும் உள்ள வரல. தட்டுல நிறம் நிறமா காய், பழம் இருக்கட்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய கிடைக்கும். உடம்பையும் அசைங்க."

அப்பாவின் கண்ணைப் பறித்தது இதே வியாதிதான். கேக் மேல் க்ரீமில் பூப்போட்டுப் பிழைக்கிறவளுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? வழியெல்லாம் அழுதேன். கடைக்குள் நுழைந்ததும்தான் உறைத்தது. நிறம்தானே? நம் கடையில் நிறத்துக்கா பஞ்சம்!

மார்ச் 9, ஞாயிறு

பீட்ரூட் சாற்றை க்ரீமில் கலந்தேன். அடடா, என்ன சிவப்பு! கறுப்புத் திராட்சையில் ஊதா, கேரட்டில் ஆரஞ்சு. புட்டிச் சாயத்துக்கெல்லாம் முழுக்குப் போட்டாயிற்று. கண்ணாடி அலமாரியில் வைத்து 'ஆன்டிஆக்ஸிடன்ட் கேக்' என்று எழுதி ஒட்டினேன். ஒரு துண்டு சாப்பிட்டேன். மருந்துதானே? இன்னொன்றும்.

மார்ச் 22, சனி

கேக் பறக்கிறது! நானும் விடுவதில்லை, காலையில் சிவப்பு, மாலையில் ஊதா. உடற்பயிற்சி? நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறேனே, அது போதாதா?

ஏப்ரல் 7, திங்கள்

சர்க்கரை ஏறியிருக்கிறது. ஏறியிருக்கிறது!

டாக்டரம்மாவிடம் கேக் பெருமையை வேறு அளந்து தொலைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பீட்ரூட் நல்லதுதாம்மா. அதோட எவ்வளவு சர்க்கரை போட்டீங்க?"

"சாப்பிடறதை விட்டுடறேன். ருசி பார்க்கறதும் கணக்கா டாக்டர்?"

"ருசின்னு சொன்னா வயித்துக்குப் புரியுமா? பழத்தைப் பழமா சாப்பிடுங்க. இன்னும் மூணு மாசம் பார்ப்போம். குறையலன்னா மாத்திரைதான்."

கேக் கடைக்காரி ருசி பார்க்காமல் எப்படி? பயமா இருக்கு. நெஜமாவே பயமா இருக்கு. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். பரணிலிருந்து பழைய பூப்பந்து மட்டைகளை இறக்கினார். "மொட்டை மாடிக்கு வா" என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ருசி பார்க்க ஆள் கிடைத்துவிட்டது. மாமியார்!

இனிப்பென்றால் முகம் சுளிப்பவர். ஒரு ஸ்பூனுக்கு மேல் தொடமாட்டார். குறை கண்டுபிடிப்பதிலோ அவரை அடிச்சுக்க ஆளில்லை. "க்ரீம் திகட்டுது. கேக் வறட்டுன்னு இருக்கு. இதையா காசு கொடுத்து வாங்கறாங்க?" கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பில் வீணாய்ப் போன திறமை! அவர் சொன்னபடி மாற்றினேன். மத்தியானத்துக்குள் அலமாரி காலி.

ஏப்ரல் 13, ஞாயிறு

பந்து நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. எடுக்கப் போன கணவர் தொப்பலாக நனைந்து வந்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் சிரித்ததில்லை. கீழ் வீட்டுக்காரர் "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பசிக்குக் கொய்யா. வெறும் கொய்யா. நன்றாகத்தான் இருக்கிறது.

மே 16, வெள்ளி

பூப்பந்தில் அவரை ஜெயித்துவிட்டேன்! தலைகால் புரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

குறைந்துவிட்டது! டாக்டரம்மா இரண்டு தரம் பார்த்துவிட்டு, "மாத்திரை வேண்டாம், ஆட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். கூட வந்திருந்த கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். திருப்பிப் பார்த்தார். "ம்... இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டேன். "விடுடி, மூச்சு முட்டுது" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

சாயங்காலத்துக்கு மூன்றடுக்கு கேக் வேண்டுமென்று போன். "இன்னைக்கு முடியாதுங்க, வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். எங்களுக்கு முன்பே மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் ஆடுவதில் ஏகப்பட்ட தப்பு இருக்கிறதாம்.