பெயரைச் சொல்லாத மெம்பர்

1947 மார்ச், வியாழன். மாதுங்கா.

இன்று லீவு போட்டுவிட்டு, கூட வேலை செய்யும் அம்புஜத்துடன் சட்டசபைக்குப் போய் மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யுத்தத்தின்போது ரேஷன் ஆபீஸில் தற்காலிகமாகச் சேர்ந்த எங்களை மாதக் கடைசியில் அனுப்பிவிடப் போகிறார்கள். அதே சமயம் அதிகாரிகளின் அறைகளுக்குப் புது மேஜை நாற்காலி வாங்க உத்தரவு. அதை டைப் அடித்தவள் நான். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொகுதிச் சட்டசபை மெம்பர் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னவளும் நான்தான்.

பட்ஜெட் விவாதத்தில் அவர் எழுந்து, "வரிப்பணம் நாற்காலிக்கு இருக்கிறது, வேலை செய்கிறவர்களுக்கு இல்லையா?" என்று கேட்டார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் மந்திரி.

நான் முன்வரிசை ஆளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"அதைச் சொல்ல மாட்டேன். பொய்யென்றால் ஃபைலைக் கொண்டுவந்து காட்டுங்கள்."

மந்திரி பக்கத்து மெம்பர்கள் கட்டுக்கதை என்று கத்தினார்கள், சிரித்தார்கள். அவர் உட்காரவேயில்லை. கடைசியில், விசாரித்து முடிக்கும்வரை யாரையும் நீக்குவதில்லை என்று மந்திரி ஒப்புக்கொண்டார்.

நன்றி சொல்ல வராந்தாவில் காத்திருந்தேன். எங்கள் பெரிய அதிகாரியும் அங்கே நின்றிருந்தார். மெம்பர் என்னை முன்பின் பார்த்திராதவர்போலத் தாண்டிப் போய்விட்டார்.

"என்னடி இது, ஆத்துக்குள்ள கூப்ட்டு காப்பி குடுத்தவர், ஒரு தலையாட்டல்கூட இல்லாம போறாரே!" என்றாள் அம்புஜம்.

எனக்கும் சுருக்கென்றது. ரயில் தாதரைத் தாண்டும்போதுதான் புரிந்தது. அவர் என்னைக் காப்பாற்றியது சபையில் மட்டுமல்ல, அதிகாரி பார்த்துக்கொண்டிருந்த வராந்தாவிலும்தான்.

நாளை அதிகாரி கூப்பிட்டுக் கேட்டால், அந்த மெம்பரை எனக்குத் தெரியவே தெரியாது என்றுதான் சொல்லப் போகிறேன்.