கம்பளிக்கடியில் ஒரு கிண்ணம்

புசான்,
6 மார்ச் 1978

என் அக்கா குமோக்குக்கு,

உறையின் மேல் அனுப்புநராக வழக்கம்போல் உன் பழைய தறிக்கூடத் தோழியின் பெயரைப் போட்டிருக்கிறேன். உன் மாமியார் கேட்டால், அவளுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, புலம்பி எழுதுகிறாள் என்று சொல். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இங்கே மூவரும் உயிரோடு இருக்கிறோம். என்னவர் தேசிக் செருப்புத் தொழிற்சாலைக்குப் போகிறார். நான் மீன் சந்தையில் நெத்திலி ஆய்கிறேன். மகள் முன்ஹிக்கு ஆறு வயது. அடுத்த மார்ச்சில் பள்ளிக்கூடம், பதிவில்லாத பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களாம்.

வானொலியில் ஒரு செய்தி கேட்டேன். இரண்டு தடவை கேட்டும் நம்ப முடியவில்லை. ஒரே குலப்பெயர், ஒரே பூர்வீகம் என்று கல்யாணம் மறுக்கப்பட்டு, ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிறவர்கள் இந்த ஒரு வருஷத்துக்குள் பதிந்துகொள்ளலாமாம். டிசம்பரோடு கதவு மூடிவிடும். தேசிக்குக்கும் நமக்கும் பதினெட்டுத் தலைமுறைக்கு முன்னால் ஒரு தாத்தா. அந்த ஒருவருக்காக ஏழு வருஷத்தில் ஐந்து வீடு மாறிவிட்டோம். எந்த ஊர், எந்தக் குலம் என்று யாராவது கேட்டாலே அடுத்த வீடு தேடத் தொடங்கிவிடுகிறோம்.

நம் வீட்டுக் குடும்பப் பதிவேட்டின் நகல் ஒன்று வேண்டும். நம் ஊர் சோல்மே அலுவலகத்தில் நான் கேட்க முடியாது. குமாஸ்தா சித்தப்பா மகன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அப்பா காதுக்குப் போய்விடும். நாங்கள் ஓடிவந்த அன்று பஸ் நிலையத்தில் அப்பா அரிவாளோடு நின்றது இன்னும் என் கனவில் வருகிறது. நீ ஏதாவது காரணம் சொல்லி வாங்கி அனுப்பு. உன்னைத் தவிர எனக்கு அந்தப் பக்கம் யாருமில்லை.

உன்
யோன்சில்

——

ஆண்டோங்,
19 ஏப்ரல் 1978

யோன்சில்,

கடிதம் வந்தது. எரித்துவிட்டேன். முன்ஹியின் கால் அளவை எழுது, காலுறை பின்னி வைக்கிறேன். மீன் ஆயும் கைக்கு எள்ளெண்ணெய் தடவு, வெடிப்பு ஆறும்.

போன வாரம் சோல்மே போயிருந்தேன். அப்பா அப்படியே இருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன் அச்சிட்ட குல வரலாற்றுப் புத்தகத்தைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் ஒன்று சொல்கிறேன், அழாதே. அந்தி ஆனதும் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, உனக்கென்று ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, அடியில் அடுப்புச் சூடு ஓடும் தரைப் பக்கம் கம்பளிக்கடியில் வைக்கிறாள். ஊருக்குப் போனவர்களுக்கு வைப்பது போலத்தான். ஏழு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. காலையில் அதை அவளே தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறாள். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

நகல் விஷயம் கொஞ்சம் பொறு. குமாஸ்தா புது ஆள்களைச் சந்தேகமாகப் பார்க்கிறானாம். சமயம் பார்த்துச் செய்கிறேன்.

அக்கா

——

புசான்,
11 ஜூலை 1978

அக்காவுக்கு,

காலுறை சரியாக இருக்கிறது. நகல் வரவில்லை.

போன வாரம் சந்தையில் குதிரைமயிர்த் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் என் மீன் கூடை முன் வந்து நின்றார். நம் ஊர்ப் பேச்சு. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஏம்மா, உன்னை எங்கயோ பாத்திருக்கேனே, நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்றார். நான் மீனைக் கூடையோடு போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போகிறவள் மாதிரி நடந்து, சந்தையின் பின் வழியாக ஓடிவிட்டேன். இரண்டு நாள் கூலி போனது போகட்டும். அன்று முதல் முன்ஹியை வெளியே விளையாட விடவில்லை. அவள் ஏன் என்று கேட்கிறாள்.

தேசிக் சொல்கிறார், "நாம என்ன திருடியா வந்தோம்?" என்று. ஆனால் அவரும் ராத்திரி இரண்டு தடவை எழுந்து கதவுத் தாழைப் பார்க்கிறார்.

இன்னும் ஐந்தரை மாதம்தான். கெஞ்சிக் கேட்கிறேன் அக்கா.

யோன்சில்

——

ஆண்டோங்,
25 செப்டம்பர் 1978

யோன்சில்,

பண்டிகைக்கு அரிசி உருண்டை செய்தபோது உன் நினைவுதான். நீ பிடித்தால் ஒன்றுகூடப் பிளக்காது.

போன தடவை அலுவலகம் பூட்டியிருந்தது. அதற்கு முன் மழை. எதற்கு இந்தப் பதிவெல்லாம்? ஏழு வருஷம் இல்லாமல் வாழவில்லையா? பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பானேன்? பதியப் போனால் நீ இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முன்ஹியை வேறு ஏதாவது செய்து பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிடு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா

——

புசான்,
30 அக்டோபர் 1978

குமோக்,

தேசிக்கின் நண்பர் தேகு நகரில் ஒரு வக்கீலிடம் எழுத்தராக இருக்கிறார். அவர் வக்கீல் பெயரில் தபால்தலை வைத்துச் சோல்மே அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். பத்து நாளில் நகல் வந்துவிட்டது. அலுவலகம் பூட்டியிருக்கவில்லை, மழையும் இல்லை.

என் பெயரின் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. பக்கத்தில் எழுதியிருக்கிறது: 1974 ஏப்ரல் 2, காலை ஆறு மணிக்கு சோல்மே வீட்டில் இறந்தாள். தெரிவித்தவர், தந்தை. சாட்சி, மூத்த மகள் குமோக். கையெழுத்துக்குப் பதிலாக வைத்த உன் பெயர் முத்திரை, மூலத்தில் சிவப்பாக இருந்திருக்கும், நகலில் கறுப்பாக விழுந்திருக்கிறது.

செத்தவளைப் பதிவு அலுவலகத்தில் யாருக்கும் கட்டி வைக்க மாட்டார்கள். அந்தத் தாளை வாசித்த பிறகு நான் என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஏழு வருஷமாக அப்பாவுக்குப் பயந்து ஓடினேன். உனக்கு நான் பயப்படவே இல்லை, அதுதான் என் தப்பு.

இனி எனக்கு எழுதாதே.

யோன்சில்

——

ஆண்டோங்,
14 நவம்பர் 1978

யோன்சில்,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படி.

அந்த வருஷம் குலப் புத்தகம் அச்சுக்குப் போனது. அதில் பெண்ணின் பெயரை எழுத மாட்டார்களே, மருமகன் பெயரைத்தான் எழுதுவார்கள். இரண்டாவது மருமகன் யார் என்று பெரியவர்கள் அப்பாவைக் கேட்டார்கள். எழுதினால் தலைக்குனிவு, எழுதாவிட்டால் கேள்வி. கல்யாணமாகாமல் செத்த பெண் புத்தகத்தில் வரவே மாட்டாள். அப்பா என் மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும், "முத்திரையை எடுத்துட்டு வா. தங்கச்சி பக்கம் நிக்கிறியா, இந்த வீட்ல நிக்கிறியா?" என்றார். என் மாமியார்தான் என் பெட்டியிலிருந்து முத்திரையை எடுத்து வந்தாள். ஆனால் அதை மையில் தோய்த்து அழுத்தியது என் கை. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

பிறகு நீ கடிதம் எழுதும்போதெல்லாம், உயிரோடிருக்கிற பெண்ணைப் புதைத்துவிட்டு மேலே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

பொய்ச் சாட்சி சொன்னேன் என்று நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டால் குறியை நீக்குவார்களாம். அதோடு வழக்கும் வருமாம், எனக்கும் அப்பாவுக்கும். வீட்டுக்காரர் கோர்ட்டுப் படி ஏறினால் இந்த வாசல் படி ஏறாதே என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. போவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவளுக்கு இது எதுவுமே தெரியாது.

குமோக்

——

ஆண்டோங்,
23 டிசம்பர் 1978

யோன்சில்,

போனேன்.

மனு போட்டு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. நேற்று விசாரணை. அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளை மேலங்கி போட்டு நிமிர்ந்து வந்தார். நீதிபதி கேட்டதற்கு, மகள் செத்துவிட்டாள், நானே புதைத்தேன் என்றார். எந்த மலையில் என்று கேட்டார்கள். மேலங்கியின் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நான் எழுந்து முத்திரை என்னுடையது, சொன்னது பொய் என்றேன்.  நீதிபதி, ஒருத்தி சொல்வதை வைத்து எப்படி நம்புவது, வேறு யாராவது உண்டா என்றார்.

அம்மாவை நான்தான் முதல் நாள் போய் அழைத்து வந்திருந்தேன். கிளம்பும் முன் அடுக்களையில் வைத்து எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். பின்வரிசையில் அந்த மூட்டையோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து, மூட்டையை அவிழ்த்து, அந்தக் கிண்ணத்தை மேசை மேல் வைத்தாள்.

"ஐயா, செத்தவங்க சோத்துல கரண்டியை நட்டு வைப்போம். ஊருக்குப் போனவங்க சோத்தை மூடி வைப்போம். நான் ஏழு வருஷமா மூடித்தான் வைக்கிறேன். இவரு தினம் அதுக்குப் பக்கத்துலதான் படுக்குறாரு. கேளுங்க, ஒரு நாளாச்சும் எடுத்துக் கொட்டச் சொன்னாரான்னு."

நீதிபதி அப்பாவைப் பார்த்தார். அப்பா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உத்தரவு கிடைத்துவிட்டது. இன்று காலை சோல்மே அலுவலகத்தில் குறியை நீக்க வைத்து வாங்கிய நகல் இதோடு இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். முப்பத்தொன்று ஞாயிறு, முப்பதாம் தேதி மத்தியானத்தோடு அலுவலகம் மூடிவிடும், ஒரு நிமிஷமும் தாமதிக்காதே.

மாமனார் வீட்டு வாசல் தாழிட்டிருந்தது. தட்டினேன், திறக்கவில்லை. ஒரு தோழியின் தையல் கடையில் படுத்திருக்கிறேன். ஜனவரி எட்டாம் தேதி போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கே என்று தெரியாது. மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. நகலை மட்டும் நனையாமல் வைத்துக்கொள்.

குமோக்

——

புசான்,
30 டிசம்பர் 1978

அக்காவுக்கு,

தபால் நேற்று வந்தது. இன்று பதினொன்றரைக்குப் பதிந்துவிட்டோம். குமாஸ்தா என் பெயரைக் கூப்பிட்டபோது பழக்கதோஷம், ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். தேசிக் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன்னை மன்னிக்க என்னால் இன்னும் முடியவில்லை. உன் முத்திரையை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. எட்டாம் தேதியை நினைத்தாலும் அதே மாதிரி நடுங்குகிறது. இரண்டும் ஒரே உடம்புக்குள் கிடக்கின்றன, நான் என்ன செய்ய?

சாயங்காலம் சோறு போடும்போது முன்ஹி கிண்ணங்களை எண்ணிவிட்டு, "அம்மா, நாம மூணு பேருதானே, இது யாருக்கு?" என்று கேட்டாள். பெரியம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். மூடி, கம்பளிக்கடியில் வைத்திருக்கிறேன். நீ பஸ்ஸில் வந்தாலும் சரி, சிறையிலிருந்து வந்தாலும் சரி, எத்தனை வருஷமானாலும் சரி, நாளைக்கும் வைப்பேன்.

யோன்சில்