மேட்டுப்பாளையத்துக்காரர் வாங்காமல் போன டி.வி. கேம்

சென்னை,
12.8.1997

அன்புள்ள சுலோச்சனா,

நீயும் தீபக்கும் சுகந்தானே? உன் முட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை, சாப்பாடுதான் ஓட்டலில்.

நேற்று மேட்டுப்பாளையத்துப் பாக்கு யாவாரி ஒருத்தர் பையனோடு கடைக்கு வந்தார். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டேன். பையன் அரைமணி நேரம் டி.வி. கேமை விட்டு எழவில்லை. விற்றுவிட்டதென்றே நினைத்தேன்.

"ஏனுங்க, இது படிப்புக்கு ஆகுமுங்களா?" என்றார்.

"விளையாட மட்டுந்தானுங்க."

"அப்படீன்னா இதைத் தூக்கீட்டுப் போனா எங்க ஊட்டு அம்மணி என்னையும் சேர்த்து வெளிய போட்டுருவாங்க!"

சிரித்துக்கொண்டே போய் எதிர்க்கடையில் கம்ப்யூட்டர் வாங்கினார். அந்தக் கடைக்காரன் பத்து கேமைச் சும்மாவே ஏற்றிக் கொடுத்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் யோசித்துப் பார். கம்ப்யூட்டரைப் படிப்பென்று சொல்லி வாங்குகிறார்கள். அதற்கான கேமை ஒருத்தன் வாங்கினால் ஊரே காப்பி போட்டுக்கொள்கிறது. டி.வி. கேமுக்குக் கேசட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். பெட்டியையே யாரும் வாங்குவதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கேம் விற்கிறவனுக்கு யாவாரமில்லை. நம்ம தீபக்கே சிநேகிதன் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் ஆடுகிறான் என்று எழுதியிருந்தாய்.

போத்தனூரிலிருந்து யாராவது வந்தால் பருப்புப்பொடியும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. பொடி கொஞ்சம் போதும், ஒருத்தனுக்குத்தானே.

கடையை மூடிவிட்டு வரட்டுமா, கம்ப்யூட்டருக்கு மாறட்டுமா? எந்த யாவாரத்துக்கும் நான் உன்னைக் கேட்டதில்லை. இப்போது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. நீயே ஒரு வழி சொல்லு, அம்மணி.

உன்,
நாச்சிமுத்து