ஐந்து பேர் முன்னால் சொன்ன சொல்

ஒக்டோபர் 10, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. செபமாலை பாதியில் நின்றது, பஸ் வந்துவிட்டது.

இரத்தத்தில் சீனி: காலை 268, பகல் 301. காய்ச்சல் 100.

என் வீட்டுக்காரர் சீனி வியாதியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்பது நாள். வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டன. அவற்றை எடுத்தால் பாதம் தப்பும் என்கிறார் டொக்டர். இவர் ஒப்பரேசனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பயம்தான். என்னிடம் ஒத்துக்கொள்வாரா. பன்வில தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம், இரண்டு பேர் தூக்கும் மூட்டையைத் தனியாகத் தூக்கியவர்.

மகள் ஜெசி பேராதனையில் ஆங்கிலம் படிக்கிறாள். ஆங்கிலோ-சாக்சன் வீரகாவியங்களில் வீரமும் உடல்பலமும் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். குறிப்புக் கொப்பியைக் கட்டிலருகே விட்டுப் போனாள். அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஸ் எல்லாம் பிள்ளையின் புத்தகங்களில் பொறுக்கியது.

அதில் ஒன்று: சண்டைக்குப் போகுமுன் வீரன் மண்டபத்தில் எழுந்து, தோழர்கள் முன்னால் தான் செய்யப்போவதைச் சொல்வான். சொன்னபின் பின்வாங்க முடியாது. அந்தச் சொல்லிலிருந்தே பலம் வரும்.

இவரும் தன் ஆட்கள் முன்னால் சம்மதம் சொன்னால் பயம் போகும் என்று யோசித்தேன். பன்விலைக்குப் போன் செய்தேன், சவரிமுத்து அண்ணனுக்கு. இவரோடு வேலை செய்தவர்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஏழு மணிப் பூசை. பிறகு ஆஸ்பத்திரி.

ஐந்து பேர் வந்தார்கள். செவ்விளநீர், பிஸ்கட். வாசலிலேயே சொன்னேன், "பயப்படுறார்னு தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கண்ணே. ஒப்பரேசனுக்குத் தைரியம் குடுங்க." அவர்களுக்குத் தெரிந்த தைரியம் கேலிதான்.

"என்ன செபஸ்தி, மூட்டை தூக்குன காலு இப்ப தலகாணி மேலயா?"

"கத்தியக் கண்டா மயக்கம் வருதாமே?"

சிரிப்பு. பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். இவர் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை நாளாக இல்லாத களை முகத்தில்.

"கேட்டுக்கங்க எல்லாரும். என் கால்ல ஒரு நகத்தக்கூட வெட்ட விடமாட்டேன். ரெண்டு காலோட பன்விலைக்கு வந்து ஒங்க அஞ்சு பேரையும் பாப்பேன்."

"அதான் நம்ம செபஸ்தி," என்றார் சவரிமுத்து அண்ணன்.

பிஸ்கட் தட்டோடு நின்றேன். ஜெசி என் காதருகே, "அம்மா, சொல்லிட்டாரு. இனி மாறமாட்டாரு."

கூப்பிட்டது நான்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

சீனி 322. காய்ச்சல் 102. கஞ்சி மூன்று கரண்டி.

கறுப்பு கணுக்காலுக்கு ஏறிவிட்டது. இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார் டொக்டர். காலைப் பிடித்துக் கெஞ்சினேன், நல்ல காலை. "ஆளுங்க முன்னாடி சொல்லிட்டேன் ரோசலின்," என்றார். அவ்வளவுதான். வலி பற்றிப் பேசவே இல்லை.

சவரிமுத்து அண்ணனுக்குப் போன். "நீங்களே வந்து, கையெழுத்துப் போடுன்னு சொல்லுங்கண்ணே."

"அத நாங்க எப்படித் தங்கச்சி சொல்றது? ஆம்பள சொன்ன சொல்லு." பிறகு, "நாங்க வெளாட்டுக்குத்தான் சொன்னோம்."

ஜெசியிடம் கேட்டேன், அந்தக் காவியங்களில் பின்வாங்காதவர்கள் என்ன ஆவார்கள் என்று.

"செத்துப்போவாங்கம்மா. பேர் நிக்கும்."

"அவங்க வீட்டு பொம்பளைங்க?"

"சிதைக்குப் பக்கத்துல ஒருத்தி அழுவா. அவளுக்குப் பேர் இல்ல."

துணி துவைக்கச் சவர்க்காரம் வாங்க மறந்தேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

இவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல் 104. மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார், பதினேழு, பதினெட்டு, திரும்பப் பதினேழு.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை ஜெசி சொன்னாள்: அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை, மனைவி போடலாம்.

இவருடைய சொல்லை நான் எப்படி உடைப்பது. மாதாவே என்றேன், வேறு செபம் வரவில்லை. போட்டேன்.

11.20 ஒப்பரேசன் தியேட்டருக்கு உள்ளே. 1.50 வெளியே.

ஒக்டோபர் 18, சனி

மழை இல்லை. காய்ச்சல் 99. தேத்தண்ணீர் குடித்தார், சீனி இல்லாமல்.

போர்வைக்கு மேலே தடவிப் பார்த்தார். கால் முடியும் இடத்தில் கை நின்றது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான். ஆனா நீங்களே தைரியமா ஒத்துக்கிட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்," என்றேன். அதுதான் அவருக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"வேணாம். நீ போட்டேன்னு சொல்லு. எனக்குத் தெரியாமன்னு சொல்லு."

நாலு மணிக்குச் சவரிமுத்து அண்ணனும் இன்னொருவரும் வந்தார்கள். போர்வையைப் பார்த்தார்கள். கேலி எதுவும் இல்லை. கதிரையிலும் உட்காரவில்லை.

மற்றக் கட்டில்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். "நான்தான் போட்டேன், இவருக்குத் தெரியாம. இவர் கடைசி வரைக்கும் ஒத்துக்கல."

"என்ன தங்கச்சி, இப்படிப் பண்ணிட்டீங்க," என்றார் அண்ணன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.