உன் இடத்தில் உட்கார்ந்து கொச்சிக்கு வந்தவர்

என் விமலாக் கண்ணு,

கொச்சிக்குப் போய்விட்டு வந்துவிட்டோம். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முந்திரித் தோப்புகளையெல்லாம் சாய்த்த அந்தப் புயலுக்குப் பிறகு, கடலூரே கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில்தான் நீ இந்தப் பேச்சை எடுத்தாய். அந்த நேரத்தில் கொச்சியில் நடக்கப்போகும் ஃபுட்பால் கோப்பையைப் பற்றிப் பேச உனக்குத்தான் மனசு வரும். கல்லூரி அணியில் ஒன்றாக ஆடிய நாம் நாலு பேரும் சிதம்பரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். வெள்ளி சாயங்காலம் கிளம்பி, ஞாயிறு ஃபைனல் பார்த்துவிட்டு, திங்கள் திரும்புவது. பரங்கிப்பேட்டை நூர்ஜஹான் தன் தம்பியின் வேனுக்குப் பொறுப்பு. அமுதா டிக்கெட்டுக்கு. பிள்ளைகளை எங்கே விடுவது என்பது என் தலையில். எல்லோரையும் விரட்டுவது நீ.

"மேட்ச் பாக்கப் போறோம், கல்யாணத்துக்கு இல்ல. எவளாவது பட்டுப்பொடவ எடுத்தாந்தா வேன்லேருந்து எறக்கிவுட்டுருவேன்" என்றாய். நாகூர் போவதாக மாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்ற நூரை நீ விடவில்லை. "எதுக்குடி பொய்? முப்பது வயசாவுது. ஃபுட்பால் பாக்கப் போறேன்னே சொல்லு." சொன்னாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, வழிக்கு முறுக்கு சுட்டுத் தருகிறேன் என்றாராம்.

ஃபைனலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது உனக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் நீ இல்லை. அந்த ஆறு நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

போக வேண்டாம் என்றுதான் முடிவெடுத்தோம். உன் காரியம் முடிந்த மறுநாள், உன் வீட்டுக்காரர் செல்வம் என் வீட்டுக்கு வந்தார். நூரும் அங்கே இருந்தாள். சட்டைப்பையிலிருந்து உன் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"அவ கைப்பையில இருந்திச்சி. கொச்சியில ஆபீஸ் ட்ரெய்னிங்னு என்கிட்ட சொல்லியிருந்தா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களையெல்லாம் உண்மை சொல்ல வைத்துவிட்டு, நீ ஏன்டி பொய் சொன்னாய்? எங்களிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

நூர் வெடித்துவிட்டாள். "பின்ன எப்பிடிண்ணே உங்ககிட்ட சொல்லுவா? கல்யாணமான மாசமே அவ கோல்கீப்பர் கிளவுஸத் தூக்கிப் பரண்ல போடச் சொன்னது நீங்கதான?"

"நான்தாம்மா" என்றார். "நீங்க போவாம இருந்துராதீங்க. எடம் குடுத்தா நானும் வர்றேன். இல்லன்னாலும் நீங்க போங்க."

அவர் போன பிறகு எங்களுக்குள் ஒரே சண்டை. அவ இடத்துல இவரா என்று நூர் அழுதாள். எனக்கும் கோபம்தான். "கிழிச்சுப் போடாம கொண்டாந்து குடுத்தாருல்ல?" என்று ஃபோனில் அமுதா கேட்ட பிறகுதான், சரி வரட்டும் என்றோம்.

வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார் மனுஷன். நூர் எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தாள். அவருக்கும் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

ஸ்டேடியத்தில் எனக்குப் பக்கத்தில் அவர். என்ன கூட்டம் விமலா! மேளமும் விசிலும் காதை அடைத்தன. நீ கேட்டபடியே கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் அமுதா இடம் பிடித்திருந்தாள். இரண்டாம் பாதியில் அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த கோல்கீப்பர் ஏம்மா கத்திக்கிட்டே இருக்கான்?"

"பின்னால நிக்கிறவனுக்குத்தாண்ணே மொத்த கிரவுண்டும் தெரியும். யாரு எங்க நிக்கணும்னு அவன்தான் சொல்லணும். விமலா இவன விட ஜாஸ்தி கத்துவா. முன்னால நிக்கிற எனக்குக் காது கிழிஞ்சிடும்."



"எட்டு வருசம்மா. வூட்ல அவ சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல."

நூருக்கும் அது கேட்டுவிட்டது.

நாங்கள் கைதட்டிய அணி ஒரு கோலில் தோற்றுப்போனது. திரும்பும் வழியில், யாரும் கேட்காமலே நூர் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "அண்ணே, விழுப்புரத்துல ஒரு மேட்ச்சு" என்று ஆரம்பித்தாள். பெனால்டியைப் பிடித்துவிட்டு, பந்தைக் கீழே விடாமல் நீ நடுவரோடு சண்டை போட்டாயே, அந்தக் கதை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் நிறுத்தவில்லை. சிதம்பரம் வந்தும் முடியவில்லை.

அவரை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஆடிய ஆட்டங்களை ஒன்றுவிடாமல் அவருக்குச் சொல்வேன், நீ கோட்டைவிட்டதையும் சேர்த்து. உன் சத்தம் எப்படியிருக்கும் என்று தெரியாமல் அந்த மனுஷனை இருக்க விட மாட்டேன். இது சத்தியம்.

மைதானத்தில் உனக்கு முன்னாலும், வெளியே உன் பக்கத்திலும் நின்ற
உன் கலாக்கா