இரு பாதியும் ஒரே நிறம்

பூபதி,

அம்மையப்பர் உனக்குத் துணையிருக்க.

சௌந்திரம் இறைவனடி சேர்ந்ததை உன் மகன் தொலைபேசியில் சொன்னான். அதைப் பற்றி எழுத எனக்கு வலிமையில்லை. பட்டாளத்தில் சேர நாம் இருவரும் சேலத்துக்குப் போன நாளைப் பற்றி எழுதுகிறேன்.

ஓட்டத்தில் நான் உன்னை முந்தினேன். பிறகு மருத்துவர் கைக்கொன்றாக இரண்டு நூற்கண்டுகளை ஏந்தி, எது சிவப்பு என்று கேட்டார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. திருச்செங்கோட்டு இறைவனை நினைத்தேன். வலப்பாதி சிவந்த சிவன், இடப்பாதி பச்சை நிறத்து உமை என்றல்லவா பாடி வளர்ந்தோம்? மருத்துவரின் வலக்கையைக் காட்டினேன்.

"அது பச்சை. உனக்கு நிறம் தெரியல, தம்பி. ஊருக்குப் போ."

வெளியே வந்து சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏன்டா மாப்ளே, டாக்டரைச் சாமீன்னு நெனச்சுப்போட்டியா?" உடனே கண்கலங்கி, "நீ வரலீன்னா நானும் போகலைடா" என்றாய். நான்தான் உன்னை ரயிலேற்றிவிட்டேன்.

முதல் விடுப்பில் வந்து சௌந்திரத்தை மணம் முடித்தாய். சீருடையோடு அவளை மலைக்கோயிலுக்கு அழைத்து வந்தாய். கோபுரத்தில் வண்ணம் தீட்டிய அம்மையப்பரைக் காட்டி, "அண்ணா, இதுல அம்மன் பக்கம் எதுங்க?" என்று அவள் என்னைச் சீண்டினாள்.

"எனக்கு எல்லாம் ஒரே சாமிதானுங்க, அம்மணி."

அவள் சிரித்த சிரிப்பு அந்தப் படிகளில் இன்னும் கேட்கிறது.

இன்றும் அப்படித்தான், பூபதி. ஒரு பாதி எங்கே முடிந்து மறுபாதி எங்கே தொடங்குகிறது என்பதை என் கண்கள் ஒருநாளும் கண்டதில்லை. மலைக்குப் புறப்பட்டு வா. என் அருகில் நின்று, என் கண்ணால் ஒருமுறை பார்.

உன்னை முந்தி ஓடி,
ஊரிலேயே நின்றுவிட்டவன்