யாருக்கென்று சொல்லாத 'சே'

ஆவணி, புதன்கிழமை.

ஸ்பெயின் கப்பலில் வேலை கிடைக்குமென்று நம்பி இந்த மொழியோடு மாரடிக்கிறேன். 'லே' என்றால் அவனுக்கு, அவளுக்கு. சரி. பின்னால் 'அதை' என்னும் 'லோ' வந்தால் மட்டும் 'லே' போய் 'சே' ஆகிவிடுமாம். 'சே லோ தி', அதைக் கொடுத்தேன். அவனுக்கா, அவளுக்கா, அவர்களுக்கா? எல்லாவற்றுக்கும் ஒரே 'சே'. எரிச்சலில் என் வாயில் வருவதும் அதுதான்.

பின்னேரம் சல்லிக் கிராமத்திலிருந்து திரும்பும்போது ஆமியின் சென்ரிக் காவலரணில் மறித்தார்கள். காலையில் அங்கே பதிந்துவிட்டுக் கொண்டுபோன டோர்ச் பற்றரி எங்கே என்று ஆமிக்காரன் கேட்டான். பற்றரி இயக்கத்துக்குப் போய்விடும் என்று அவர்களுக்குச் சந்தேகம்.

"குடுத்திட்டன்."

"யாருக்கு?"

வெயிலில் நிற்கவைத்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசியில் ஒரு பெயரைச் சொன்னேன். விட்டான்.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். "உங்கட 'சே'யை அங்க சொல்ல ஏலாதோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன பெயர் வேறு, பற்றரி போன கை வேறு. இரண்டையும் இங்கே எழுதமாட்டேன். வீட்டைச் சோதிக்க வந்தால் முதலில் கொப்பிகளைத்தான் புரட்டுவார்கள்.

யாருக்குக் கொடுத்தேன்?

சே.